வேலைக்கு ஆயத்தமாகும் மாணவர்களும் செயற்கை நுண்ணறிவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. அதன்பின், வேலைக்கு ஆயத்தமாவது குறித்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய ஐயம் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றுவிடுகிறது. அவற்றுள் பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குவதால் சாட்ஜிபிடியிடம் சொல்லி ரெஸ்யூமே தயாரித்தேன். வகுப்பில் பலருடைய ரெஸ்யூமேயும் ஏறத்தாழ அதே வரிகளோடு இருந்ததைப் பார்த்து, வேலைவாய்ப்புப் பிரிவு ஆசிரியர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் கருவியைப் பயன்படுத்தியதே தவறா? (மாணவி, திருவாரூர்)

பதில்: பயன்படுத்தியது தவறில்லை. நீங்கள் அதனிடம் ஒப்படைத்த வேலைதான் பொருந்தாத வேலை. "பி.காம். மாணவிக்கு ஒரு ரெஸ்யூமே எழுது" என்று மட்டும் கேட்டால், உங்களைப் பற்றி எதுவுமே அறியாத அந்தக் கருவி, ரெஸ்யூமேக்களில் வழக்கமாக இடம்பெறும் 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படும் திறன்', 'விரைந்து கற்கும் ஆர்வம்' போன்ற தொடர்களைக் கோத்துத் தந்துவிடும். உங்கள் தோழியும் அதையேதான் கேட்டிருப்பார். அவருக்கும் அதுவேதான் கிடைத்திருக்கும். அந்த வரிகளில் பொய் எதுவும் இல்லை என்றாலும், உங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமும் எதுவும் இல்லை.

எழுதச் சொல்வதற்கு முன்னால், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இப்படித் தட்டச்சு செய்து பாருங்கள்: "நான் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி. கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ரெஸ்யூமேயை இப்போது எழுத வேண்டாம். நான் படித்தவை, வீட்டிலும் வெளியிலும் செய்த வேலைகள், எனக்குத் தெரிந்த மென்பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். என் பதில் பொதுப்படையாக இருந்தால், எவ்வளவு காலம், எத்தனை, எப்படி என்று மேலும் கேட்ட பிறகே அடுத்த கேள்விக்குப் போ."

இதில் என்ன நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு மாணவி 'அப்பாவின் உரக்கடையில் கூடமாட உதவுவேன்' என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். என்ன உதவி என்று கருவி கேட்கும். கணக்கு எழுதுவேன் என்பார். நோட்டிலா கணினியிலா என்று கேட்கும், டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்பார். எவற்றைப் பதிவீர்கள், எவ்வளவு காலமாக, முடித்த கணக்கை யாரிடம் கொடுப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். முடிவில் அவர் கையில், 'உரக்கடையின் கொள்முதல், விற்பனைப் பில்களை இரண்டு ஆண்டுகளாக டேலியில் பதிவு செய்து, ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு வேண்டிய விவரங்களை மாதந்தோறும் ஆடிட்டரிடம் ஒப்படைத்து வருகிறேன்' என்று ஒரு வரி இருக்கும். அது வேறு எந்த மாணவியின் ரெஸ்யூமேயிலும் இருக்க முடியாத வரி. நம் பிள்ளைகளில் மிகப் பலர் வீட்டு வேலை, கடை வேலை, வயல் வேலை, விடுமுறையில் பார்த்த வேலை ஆகியவற்றை அனுபவமாகவே எண்ணாமல், ரெஸ்யூமேயில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பொறுமையாகக் கேள்வி கேட்பதற்கு ஆள் இல்லாத வீடுகளில், இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கருவிகளை நான் வரவேற்கிறேன்.

கடைசியில் வரியைச் செப்பனிட அதனிடம் கொடுக்கலாம். ஆனால் திரும்பி வந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை, 'கடையின் விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்' என்பதுபோல, அது தானாகவே சேர்த்துவிடுவதுண்டு. நேர்காணலில் முதல் கேள்வி அந்த 30 சதவீதத்தைப் பற்றித்தான் வரும். ஐந்து நிமிடம் உங்களால் விளக்கிப் பேச முடியாத எந்த வரியும் ரெஸ்யூமேயில் இருக்கக் கூடாது.

கேள்வி: பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். பாடத்தில் குறை இல்லை. ஆங்கிலத்தில் நேர்காணல் என்றாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவுடன் பேசிப் பழகினால் பயன் உண்டா? (மாணவர், திண்டிவனம்)

பதில்: உண்டு. தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் தொடங்கலாம் என்ற இரண்டு வசதிகளும் உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பெரியவை. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் குரலால் பேசும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது. வேலை விளம்பரத்தை முழுமையாக ஒட்டிவிட்டு, "இந்த வேலைக்கு நேர்காணல் நடத்தும் அதிகாரியாக இரு, ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திரு, என் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடு, பாராட்ட வேண்டாம், குறையை மட்டும் சொல்" என்று தொடங்குங்கள். அந்தக் கடைசிக் கட்டளை முக்கியமானது. கேட்பவரின் மனம் நோகாமல் பேசும் இயல்பு இந்தக் கருவிகளுக்கு இருப்பதால், கண்டிப்பாக இருக்கும்படி சொல்லாவிட்டால் சுமாரான பதிலையும் 'மிகச் சிறப்பு' என்றே சொல்லும்.

மொழிக்கு நான் பரிந்துரைக்கும் வழி சற்று மெதுவானது. 'இறுதியாண்டு புராஜெக்டில் நேர்ந்த சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு முதலில் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்ற நான்கும் அதில் வந்துவிட வேண்டும். சொல்ல வேண்டிய செய்தி தெளிவாகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் தொண்டை அடைப்பது பல நேரங்களில் ஆங்கிலத்தால் அல்ல, என்ன சொல்வது என்று தெரியாததால்தான். பிறகு அதையே உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் நீங்களே சொல்லுங்கள். அதன்பின் கருவியிடம் பிழைகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். திருத்தி எழுதித் தரச் சொல்லாதீர்கள். 'மைசெல்ஃப்' என்று தொடங்கித் தன்னை அறிமுகப்படுத்துவது, 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பது போன்ற நமக்கே உரிய பழக்கங்களை அது உடனே சுட்டிக்காட்டும். சில நாள்களில் அவை போய்விடும். முழுப் பதிலையும் அது எழுதித் தந்தாலோ, உங்கள் வாயில் நுழையாத சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போய், நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாவற்றையும் மறந்து நிற்பீர்கள்.

நீங்கள் பேசுவதைக் கருவி வேறு சொல்லாக எழுதிக் காட்டினால், உச்சரிப்பு மோசம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஆங்கில உச்சரிப்பு அதற்குச் சரியாகப் பிடிபடாமலும் இருக்கலாம். அதே வாக்கியத்தை நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் விட்டுவிடலாம். குழு விவாதத்துக்கு இந்தக் கருவி அவ்வளவாக உதவாது. இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கையில் இடம் பார்த்து உள்ளே நுழைவதும், மறுப்பவரிடம் முகம் சுளிக்காமல் பேசுவதும் மனிதர்களோடு உட்கார்ந்து பழகினால்தான் வரும். விடுதி மொட்டைமாடியில் நான்கைந்து பேர் கூடினால் போதும்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். எந்தப் படிப்பில் சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டால், இந்தச் செயலி ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொல்கிறது. நம்பலாமா? (தந்தை, கோவில்பட்டி)

பதில்: பதில் மாறுவதில் வியப்பில்லை. தாம் கற்ற ஏராளமான எழுத்துகளின் அடிப்படையில், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே இவை பேசுகின்றன. கேள்வியின் சொற்கள் சற்று மாறினால் பதிலும் மாறும். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாலும் மாறலாம். உங்கள் மகனுடைய மதிப்பெண், விருப்பம், வீட்டு வசதி, எவ்வளவு தொலைவு அனுப்ப முடியும் என்பவற்றை நீங்கள் சொன்னாலொழிய அதற்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து எந்தத் துறையில் வேலை மிகுந்திருக்கும் என்பது யாருக்குமே தெரியாது. கருவி உறுதியான தொனியில் சொல்வதால் மட்டும் அது உறுதியாகிவிடாது.

ஆகவே முடிவை அதனிடம் கேட்காமல், விவரத்தைக் கேளுங்கள். 'பி.எஸ்சி. வேதியியலுக்கும் கெமிக்கல் எஞ்ஜினியரிங்குக்கும் பாடத்தில் என்ன வேறுபாடு, இரண்டையும் படித்தவர்கள் தினமும் என்ன வேலை பார்க்கிறார்கள்' என்று கேட்டால் தெளிவான, பயனுள்ள பதில் வரும். மகனையே கேட்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆனால் கட்ஆஃப், கட்டணம், இடஒதுக்கீடு, கடைசித் தேதி ஆகிய நான்கையும் அதனிடம் கேட்கவே வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கணக்கிடுவதை அது சரியாகச் சொல்லலாம். குறிப்பிட்ட கல்லூரியில் குறிப்பிட்ட பிரிவுக்குப் போன ஆண்டு எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்று கேட்டால், தெரியாவிட்டாலும் ஓர் எண்ணைச் சொல்லிவிடக் கூடும். அதைப் பொறியியல் சேர்க்கைக்கான அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பொருந்துமா என்பதைப் பள்ளியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின்கீழ் பிளஸ் டூ மாணவர்களுக்கு நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சியில் நேரில் கேட்டால், எதிர்க்கேள்வியும் கேட்டு விளக்கம் பெறலாம்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மாதிரி வினாக்கள் தயாரித்துப் பயிற்சி செய்தால், சில விடைகள் பாடநூலோடு ஒத்துப்போகவில்லை. (வாசகி, அரூர்)

பதில்: பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இத்தேர்வில் 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண். அதில் 100 வினாக்கள் தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுத்தால்தான் மீதிப் பகுதியையே திருத்துவார்கள். இந்தக் கருவிகள் அதிகமாகத் தடுமாறுவதும் அந்தத் தமிழ்ப் பகுதியில்தான். சொற்களை நம் எழுத்துகளாகப் பிரிக்காமல், தமக்கு வசதியான துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்வதால், எழுத்தை எண்ணுவது, மாத்திரை கணக்கிடுவது, அசை பிரிப்பது ஆகியவற்றில் அவை எளிதில் தவறிவிடும். 'மலர்விழி' என்ற சீரை அலகிட்டால் நிரைநிரை, எனவே வாய்பாடு கருவிளம் என்று பத்தாம் வகுப்பு மாணவர் சொல்லிவிடுவார். கருவியோ ஒருமுறை சரியாகவும் இன்னொரு முறை தவறாகவும், இரண்டு முறையும் ஒரே உறுதியோடும் சொல்லக் கூடும்.

எனவே அதன் நினைவிலிருந்து வினா எடுக்கச் சொல்லாதீர்கள். பாடப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, "இந்தப் பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பத்து வினாக்கள் கேள், ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியை அப்படியே எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஆதார வரியைப் பக்கத்தில் கண்ணால் பார்த்த பிறகே விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். கணிதத்தில் ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் படிப்படியாக விளக்கச் சொல்வது நல்ல பயன்பாடு. நடப்பு நிகழ்வுகளுக்கும் தேர்வு விதிகளுக்கும் மட்டும் நாளிதழையும் தேர்வாணையத்தின் அறிவிக்கையையுமே நம்புங்கள். கருவி பழைய பாடத்திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்போது, இயந்திரம் உருவாக்கும் வினாக்களுக்கு இரண்டாம் இடமே தர வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்புகளையும் விசாரியுங்கள்.

கேள்வி: நிறுவனங்களும் இப்போது ரெஸ்யூமேயைச் செயற்கை நுண்ணறிவு வைத்தே வடிகட்டுகின்றனவாமே. கிராமத்துக் கல்லூரியில் படித்த பெண்ணுக்கு அது நியாயமாக நடக்குமா? (மாணவி, உசிலம்பட்டி)

பதில்: உங்கள் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. அமேசான் நிறுவனம் ரெஸ்யூமேக்களைத் தரம்பிரிக்க ஒரு கருவியை 2014 முதல் உருவாக்கிவந்ததையும் பின்னர் கைவிட்டதையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்டது. முந்தைய 10 ஆண்டுகளில் வந்த ரெஸ்யூமேக்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால், 'பெண்கள் சதுரங்க மன்றத் தலைவர்' என்பதுபோலப் 'பெண்கள்' என்ற சொல் வரும் ரெஸ்யூமேயை அது கீழே தள்ளியது. ஆள் எடுக்கும் அலுவலர்கள் அதை வைத்து யாரையும் தேர்வு செய்யவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. இருந்தாலும், பழைய பாரபட்சத்தை இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூயார்க் நகரம் இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆள்சேர்ப்புக் கருவிகளை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் இவ்வளவு தெளிவான தணிக்கை கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போதைக்கு உங்களால் செய்யக்கூடியது, இயந்திரம் தடுமாறாமல் படிக்கும்படி ரெஸ்யூமேயை அமைப்பது. பக்கத்தைப் பிரிக்காமல், மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசையில் எழுதுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் அமைப்பு, கட்டம், படக்குறி, அலங்கார எழுத்துரு எதுவும் வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறன் உங்களிடம் உண்மையாகவே இருந்தால், அவர்கள் எழுதிய அதே சொல்லால் எழுதுங்கள். மென்பொருளை ஏமாற்றக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் சொற்களை நிரப்பச் சொல்லும் காணொளிகளை நம்பிவிடாதீர்கள். அகப்பட்டால் அதோடு வாய்ப்புப் போய்விடும். வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் வழியும் உண்டு: அந்த நிறுவனத்தில் பணிபுரியும் உங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருவரின் பரிந்துரை.

கேள்வி: மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றை இந்தச் செயலிகளில் ஏற்றலாமா? ஆன்லைன் தேர்வு எழுதும்போது இன்னொரு கைபேசியில் விடை கேட்டால் கண்டுபிடிப்பார்களா? (மாணவர், ஓசூர்)

பதில்: ஆதார், பான், வங்கி விவரம், வீட்டு முகவரி எதையும் ஏற்றாதீர்கள். ரெஸ்யூமேயைக் கொடுக்கும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டே கொடுங்கள். வரிகளைச் செப்பனிட அவை தேவையே இல்லை. 'வேலை உறுதி, பதிவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால், கடிதம் எவ்வளவு நேர்த்தியான ஆங்கிலத்தில் இருந்தாலும் கட்டாதீர்கள். அந்த நேர்த்தியை இப்போது மோசடிக்காரர்களும் இதே கருவிகளிடமிருந்துதான் பெறுகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: செய்யாதீர்கள். கண்டுபிடிப்பார்களா என்பதை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். அப்படித் தேறியவர் அடுத்த சுற்றில் அதே கேள்விக்கு நேரில் விடை சொல்ல வேண்டியிருக்கும், வேலை கிடைத்தால் தினமும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கணினிகள் குறைவு, பாதிப் பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இந்தக் கருவிகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? (உதவிப் பேராசிரியர், தருமபுரி மாவட்டம்)

பதில்: ஒரு மடிக்கணினியும் ஒரு திரையும் இருந்தால் தொடங்கிவிடலாம், ஐயா. நேர்காணலில் வழக்கமாக வரும் ஒரு கேள்வியைக் கருவியிடம் கேட்டு, அது தரும் பதிலைத் திரையில் காட்டுங்கள். இந்தப் பதிலில் எந்த வரி யாருக்கும் பொருந்தும், எது நம் ஊர் மாணவருக்குப் பொருந்தாது, எங்கே சான்று இல்லை என்று மாணவர்களே கோடிட்டுக் காட்டட்டும். நல்ல பதில் எது என்பதை வேறொருவர் பதிலில் குறைகண்டு கற்பது எளிது. கூச்சமுள்ள பிள்ளைகளும் இயந்திரத்தின் பதிலைக் குறைசொல்லத் தயங்க மாட்டார்கள். பின்னர் கருவி தந்த கேள்விகளைத் தாளில் அச்சிட்டு இருவர் இருவராகப் பிரித்துவிட்டால், ஒருவர் அதிகாரியாகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் மாறி மாறிப் பழகுவதற்குக் கணினியே வேண்டாம்.

கருவியிடம் இல்லாத ஒன்றை நீங்கள் திரட்ட முடியும். கடந்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்குப் போனவர்களை, தேர்வானவர்களை மட்டுமல்ல, தேர்வாகாதவர்களையும் அழைத்து, என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினோம், சம்பளமாக எவ்வளவு சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் செய்யுங்கள். அந்தக் கேள்விகளைக் கருவியிடம் கொடுத்து, இதே போக்கில் மேலும் கேட்கச் சொன்னால், பயிற்சி உங்கள் மாவட்டத்துக்கு வரும் நிறுவனங்களின் நடைமுறைக்கு நெருக்கமாகிவிடும். 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் மாணவர்கள் முடித்த பயிற்சிகளையும், அதிலிருந்து தனியான, பட்டம் பெற்றபின் ஓராண்டு உதவித்தொகையோடு தொழில் பழகும் பழகுநர் (அப்ரன்டிஸ்) பயிற்சி வாய்ப்பையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழகுநர் பயிற்சிக்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. கைபேசி இல்லாத மாணவர் யார் யார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். மடிக்கணினியில் தனியாக உட்கார்ந்து பழகும் நேரத்தை அவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள்.